வானில் நிற்கும் மழைக் காவலர்

சிங்கம்புணரி வட்டாரத்தில் புரட்டாசி பிறந்துவிட்டால் உழவர்களின் கண் வானத்தின் மேல்தான் இருக்கும். கண்மாய்ப் பாசனமும் மானாவாரியும் கலந்த பகுதி இது. புழுதியில் விதைத்த நெல் தேறுவதும், கண்மாய் பெருகுவதும் ஐப்பசி, கார்த்திகை மழையைப் பொறுத்தவை. மழை வரும் நாளை நான்கைந்து நாட்கள் முன்னதாக அறிந்தால் விதை, உரம், கூலி ஆகியவை வீணாவதைப் பெரிதும் குறைக்கலாம்.

இந்தச் செய்தியைத் திரட்டுவதில் செயற்கைக் கோள்களுக்குப் பெரும் பங்குண்டு. அவை இயங்கும் விதத்தைத் தெரிந்து கொண்டால், வானிலை அறிவிப்பை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதும் விளங்கும்.

விழாமல் சுற்றுவது எப்படி?

கம்பங்கொல்லையில் பறவை விரட்டுவோர் கவணில் கல்லை வைத்துச் சுழற்றுவார்கள். கல் நேராக ஓடப் பார்க்கிறது. கயிறு அதைக் கையை நோக்கி இழுக்கிறது. இரண்டும் சேர்வதால் கல் வட்டமாகச் சுற்றுகிறது. செயற்கைக் கோளுக்குப் பூமியின் ஈர்ப்புச் சக்தியே கயிறு. ராக்கெட் அதை மேலே கொண்டு சென்று, வேண்டிய வேகத்தையும் கொடுத்து விடுகிறது. அவ்வளவு உயரத்தில் தடுப்பதற்குக் காற்று இல்லாததால், எஞ்சின் ஓடாமலே அது சுற்றிக் கொண்டிருக்கும். பாதை சற்று விலகினால் திருத்துவதற்கு மட்டும் கொஞ்சம் எரிபொருள் செலவாகும்.

பூமிக்கு அருகில் உள்ள கோள் வேகமாகச் சுற்றும். சுமார் 800 கி.மீ. உயரத்தில் உள்ள கோள் ஏறத்தாழ 100 நிமிடத்தில் ஒரு சுற்றை முடிக்கும். நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் நிறுத்தினால், ஒரு சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம் ஆகும். பூமி தன்னைத் தானே ஒருமுறை சுற்றிக் கொள்ளும் நேரமும் அதுவே. செக்கின் நடுவே நிற்பவர் மாடு நடக்கும் வேகத்திலேயே தாமும் திரும்பினால், மாடு எப்போதும் அவர் கண்ணெதிரிலேயே இருக்குமல்லவா? அதுபோல இந்தக் கோளும் வானில் ஒரே இடத்தில் நிற்பதாகத் தோன்றும். வீட்டுக் கூரையில் உள்ள தொலைக்காட்சிக் குடை ஆன்டெனாவை ஒருமுறை திருப்பி வைத்தபின் தொட வேண்டாதது இதனால்தான்.

செய்தி போய் வரும் வழி

தரை நிலையத்திலிருந்து புறப்படும் ரேடியோ அலை விநாடிக்கு 3 லட்சம் கி.மீ. வேகத்தில் மேலே செல்கிறது. கோளை அடையும்போது அது மிகவும் நலிந்திருக்கும். கோளில் உள்ள கருவி அதை வாங்கிப் பெருக்கி, வேறோர் அலைவரிசையில் கீழே அனுப்புகிறது. ஏறும் அலையும் இறங்கும் அலையும் ஒன்றையொன்று கெடுக்காமலிருக்கவே இந்த மாற்றம். போய் வருவதற்குக் கால் விநாடிதான் ஆகிறது. இதற்கு வேண்டிய மின்சாரத்தைச் சூரிய ஒளித் தகடுகள் தருகின்றன.

1975-ல் ஆரியபட்டாவுடன் தொடங்கிய இந்திய முயற்சி, 1983-ல் ஏவிய இன்சாட்-1பி மூலம் தொலைபேசி, தொலைக்காட்சி, வானிலை ஆகிய மூன்றுக்கும் பயன்பட்டது. பின்னர் வானிலைக்கென்றே இன்சாட்-3டிஆர் 2016-லும், இன்சாட்-3டிஎஸ் 2024-லும் ஏவப்பட்டன.

மேகத்தை அளப்பது

இக்கோள்கள் அரை மணிக்கு ஒருமுறை மேகங்களைப் படமெடுக்க வல்லவை. மேக உச்சியின் வெப்பத்தை அளப்பதால் இரவிலும் பார்க்க முடியும். உச்சி எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு உயரத்தில் அது இருக்கிறது என்று பொருள்.

2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்த கஜா புயல், புதுக்கோட்டை, சிவகங்கை மாவட்டங்களையும் தாக்கிற்று. தென்னைகள் சாய்ந்ததைத் தடுக்க இயலவில்லை. ஆனால் புயல் கடலில் இருந்தபோதே அதைப் படங்கள் தொடர்ந்து காட்டியதால், பல்லாயிரம் பேர் முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றனர்.

எனினும் கோள் பார்ப்பது மேகத்தின் முதுகைத்தான். மிக உயரத்தில் உள்ள மெல்லிய மேகமும் குளிர்ந்திருக்கும். அதில் மழை இராது. ஆகவே தரையில் உள்ள மழைமானிகளின் கணக்கும் தேவை. தானியங்கி மழைமானிகள் தம் அளவைச் செயற்கைக் கோள் வழியாகவும் அனுப்பக் கூடியவை. கைப்பேசிக் கோபுரம் எட்டாத இடத்திலிருந்தும் இவ்வாறு தகவல் பெறலாம். இவை எல்லாவற்றையும் கணிப்பொறியில் இட்டு, அடுத்த 5 நாட்களுக்கான அறிவிப்பைத் தயாரிக்கிறார்கள். அது ஒரு பரந்த பகுதிக்கான கணிப்பு. சிங்கம்புணரியில் பெய்து பிரான்மலையில் பெய்யாமல் போனால், அறிவிப்பே பொய் என்று தள்ளிவிடக் கூடாது.

உழவர்கள் செய்ய வேண்டியவை

* வேளாண் வானிலை அறிவுரை வாரத்தில் செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாட்களில் வெளியாகிறது. கைப்பேசியில் 'மேகதூத்' செயலி மூலம் தமிழிலும் பெறலாம்.

* கனமழை அறிவிப்பு இருந்தால் யூரியா மேலுரத்தைத் தள்ளிப் போடவும். மழை நீரோடு உரம் ஓடிவிடும். பூச்சிமருந்துத் தெளிப்பையும் நிறுத்தி வைக்கவும்.

* நிலக்கடலை பறிக்கும் நாளை அறிவிப்பைப் பார்த்து முடிவு செய்யவும். தென்னை நார் உலர்த்துவோருக்கும் இது பொருந்தும்.

* புழுதி விதைப்புக்குப் பின் மழை தாமதிப்பதும் உண்டு. எனவே நெல் விதையைக் கடினப்படுத்தி விதைப்பது நல்லது. ஒரு லிட்டர் நீருக்கு 10 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்து, ஒரு கிலோ விதைக்கு ஒரு லிட்டர் கரைசல் வீதம் 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய ஈரப்பதத்துக்கு உலர்த்தி விதைக்கலாம்.

* அடியும் வாயும் ஒரே அகலமுள்ள பாத்திரம் ஒன்றைத் திறந்த வெளியில் வைத்து, தேங்கிய நீரின் உயரத்தை அடிக்கோலால் அளந்து தினமும் குறித்து வரவும். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர் நீர். அறிவிப்பில் சொன்ன மழையையும் தம் வயலில் பெய்த மழையையும் ஒரு பருவம் ஒப்பிட்டுப் பார்த்தால், அறிவிப்பைத் தம் நிலத்துக்கு ஏற்ப எடைபோடும் பழக்கம் உழவருக்கு வந்துவிடும்.