பழைய காரில் 'அசல்' எது? கோர்வெட்டும் யாழ்ப்பாணத்து ஏ40யும்

சாகாமத்தில் பழைய வாகனம் ஒன்று விலைக்கு வந்தால் முதல் கேள்வி 'ஓடுமா?' என்பதுதான். எஞ்சின் மாற்றியதா, கதவு வேறு வாகனத்தினுடையதா என்பதெல்லாம் விலை பேசும்போது வரும். அமெரிக்காவில் பழைய ஷெவர்லே கோர்வெட் கார்களைச் சேகரிப்பவர்களிடம் இந்த வரிசை தலைகீழ். தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று இருந்தபடியே கார் இருக்கிறதா என்றுதான் அவர்கள் முதலில் பார்ப்பார்கள்.

இதற்கென்றே 1974இல் தொடங்கிய தேசிய கோர்வெட் மறுசீரமைப்பாளர் சங்கம் கார்களுக்குப் புள்ளி போடுகிறது. மொத்தம் 4,500 புள்ளிகள். 94 வீதமோ அதற்கு மேலோ கிடைத்தால் 'டொப் பிளைட்' விருது. எஞ்சினில் பொறித்த இலக்கம், கண்ணாடியில் உள்ள திகதிக் குறி, ஆணித் தலையின் அடையாளம் வரை ஆராய்வார்கள். பெயின்ட் தொழிற்சாலை அடித்ததைவிட அழகாக இருந்தாலும் புள்ளி குறையும் என்பதுதான் வேடிக்கை.

இந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் பெரும் பணம் இருக்கிறது. 1967இல் 'எல்88' எஞ்சினோடு வந்த கோர்வெட்டுகள் வெறும் 20. அவற்றில் ஒன்று 2014 ஜனவரியில் அரிசோனாவில் 38 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு ஏலம் போனது. அந்த எஞ்சினின் அழுத்த விகிதம் 12.5. குறைந்தது 103 ஒக்டேன் உள்ள எரிபொருள் ஊற்றாவிட்டால் எஞ்சின் பழுதாகலாம் என்ற எச்சரிக்கையைத் தொழிற்சாலையே காருக்குள் ஒட்டி அனுப்பியது.

அதே காலத்தில், அதற்கு முன்னும்கூட, இலங்கைக்கு வந்தவை ஒஸ்ரின் ஏ40, மொரிஸ் மைனர் போன்ற பிரித்தானியக் கார்கள். ஏ40இன் அழுத்த விகிதம் 7.2 மட்டும். பந்தயத்துக்கு அது உதவாது. ஆனால் 1990இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விழுந்து பெற்றோல் இல்லாமல் போனபோது யாழ்ப்பாணத்தைக் கைவிடாதது இந்தக் குறைந்த அழுத்தம்தான். அழுத்தம் கூடிய எஞ்சினில் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்பே வெடித்துத் தட்டும். ஏ40 புகை கக்கியபடியாவது ஓடியது.

மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. அதனால் ஒரு சிறு போத்தலில் சேமித்து வைத்த பெற்றோலைக் காபரேற்றருக்குள் கொஞ்சம் விட்டு எஞ்சினைக் கிளப்புவார்கள். சூடேறிய பின்தான் மண்ணெண்ணெய் வேலை செய்யும். எரியாத மிச்சம் கீழே இறங்கி எஞ்சின் எண்ணெயைத் தண்ணீராக்கும், பிளக்கில் கரி பிடிக்கும். இதையெல்லாம் சமாளித்து அந்தக் கார்கள் நோயாளிகளையும் மணப்பெண்களையும் ஏற்றின. 1995 ஒக்டோபர் வலிகாம இடப்பெயர்வில் பெரும்பாலான சனம் நடந்தும் சைக்கிளிலும்தான் போனது. கிழவர்களுக்கும் காயப்பட்டவர்களுக்கும் ஒரு கார் ஓடுவதும் ஓடாததும் சின்ன விஷயம் அல்ல.

இதைக் கராஜ்காரரின் ஒட்டுவேலை என்று சிலர் சிரிக்கலாம். பேர்குசன் டிஇ20 உழவு இயந்திரத்தில் ஒரு வகையை, பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெய் வகை எரிபொருளில் ஓடும்படி, பிரித்தானியத் தொழிற்சாலையே குறைந்த அழுத்தத்தோடு செய்து விற்றது. நம்மவர்கள் அதைத் தடைக்குள் இருந்து, உதிரிப்பாகம் இல்லாமல் செய்தார்கள்.

2002இல் ஏ9 வீதி திறந்ததும் தெற்கிலிருந்து சேகரிப்பாளர்கள் வடக்கின் பழைய கார்களைத் தேடி வந்தார்கள். வாங்கிய காரைப் புதுக்கும்போது தொழிற்சாலை அளவுகோலே பெரும்பாலும் முன்னால் நிற்கும். அந்த அளவுகோலில் பின்னர் பொருத்திய குழாயும், வீட்டில் கடைந்த பாகமும், குண்டுச் சிதறல் பட்ட ஓட்டையும் குறைகள். அடைத்துப் பெயின்ட் பூசினால் கார் 1952க்குத் திரும்பிவிடும். தடைக்காலம் அதிலிருந்து போய்விடும்.

அமெரிக்கர்களிடமே இதற்கு மாற்று வழி உண்டு. 'புளூமிங்டன் கோல்ட்' என்ற கோர்வெட் கண்காட்சியில், புதுக்காமல் தேய்ந்தபடியே காப்பாற்றப்பட்ட கார்களுக்கு 'தப்பிப் பிழைத்தது' எனத் தனி விருது தருகிறார்கள். போர் கண்ட காருக்குப் பொருந்தும் பெயர் இதுதான் என்பேன். ஆனால் அங்கும் தேடப்படுவது தொழிற்சாலை வைத்த பாகங்களின் மிச்சமே, ஓட்டியவர் சேர்த்தவை அல்ல.

வீட்டில் அப்படியொரு கார் நின்றால், விற்பதற்கு முன் எஞ்சின், செசி இலக்கங்களோடு அந்த ஒட்டுவேலைகளையும் படம் எடுத்து வையுங்கள். யார் ஓட்டியது, எந்த இடப்பெயர்வில் எங்கே போனது என்று ஒரு தாளில் எழுதி லொக் புத்தகத்துக்குள் வையுங்கள். லொக் புத்தகமே இடப்பெயர்வில் தொலைந்திருந்தால் அதையும் அந்தத் தாளில் எழுதலாம்.