கணினி காணாத வன்தட்டு

கணினியை இயக்குகிறோம். வழக்கமான முகப்புத்திரை தோன்றவில்லை. இயக்கத்தக்க வட்டு இல்லை என்னும் பொருளில் ஓர் ஆங்கிலத் தொடர் மட்டும் கரிய திரையில் நிற்கிறது. பல்லாண்டுகளாகச் சேமித்த கட்டுரைகளும் நிழற்படங்களும் அழிந்தனவோ என உள்ளம் பதறுகிறது. அவ்வாறு உடனே முடிவு செய்தல் கூடாது. வன்தட்டு நன்னிலையில் இருக்க, அதற்கும் கணினிக்கும் இடையிலான தொடர்பு மட்டும் அறுந்திருக்கக்கூடும்.

பழுதின் இருப்பிடம்

மேசைக் கணினியில் வன்தட்டை முதலில் அறிவது தாய்ப்பலகையிலுள்ள பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருளாகும். அதன் பின்னரே விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயக்க அமைப்புகள் அதனை அறிகின்றன. ஆகவே, பயாஸ் திரையையே முதலில் காண வேண்டும். கணினி தொடங்கியவுடன் டெலிட் அல்லது எஃப்2 விசையை அழுத்தினால் பெரும்பாலான கணினிகளில் அத்திரை தோன்றும். அங்கு வன்தட்டின் பெயர் இல்லையெனில், வடம், மின்வழங்கல், பயாஸ் அமைப்பு, வன்தட்டு ஆகியவற்றுள் ஒன்றில் குறை உள்ளது. பெயர் இருந்தும் கணினி தொடங்கவில்லையெனில், தொடக்க வரிசையையும் மென்பொருளையும் ஆராய வேண்டும். தாய்ப்பலகையிலுள்ள 3 வோல்ட் மின்கலம் தீர்ந்துபோனாலும் தொடக்க வரிசை மாறிவிடுவதுண்டு.

வடங்களைச் சோதித்தல்

மின்னிணைப்பை முற்றிலும் துண்டித்த பின்னரே கணினிப் பெட்டியைத் திறக்க வேண்டும். அதன் உலோகச் சட்டத்தைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னூட்டத்தை நீக்கிக்கொள்ள வேண்டும். சாட்டா வகை வன்தட்டுக்கு இரண்டு இணைப்புகள் உண்டு. 7 தொடுமுனைகள் கொண்ட தரவு வடம் தாய்ப்பலகைக்குச் செல்கிறது. 15 தொடுமுனைகள் கொண்ட மின்வடம் மின்வழங்கியிலிருந்து வருகிறது. இரண்டையும் கழற்றி, மீண்டும் உறுதியாகப் பொருத்த வேண்டும்.

குறுவட்டு இயக்கியும் இவ்வாறே இணைக்கப்படுகிறது. பொத்தானை அழுத்தியதும் அதன் தாங்கி வெளிவந்தால், மின்சாரம் வருகிறது என அறியலாம். அப்போதும் கணினி அதனை அறியவில்லையெனில், முதலில் தரவு வடத்தை ஐயுற வேண்டும். குறுவட்டு இயக்கி நன்கு இயங்கினால், அதன் தரவு வடத்தை வன்தட்டில் பொருத்திப் பார்க்கலாம். வன்தட்டு இப்போது புலப்பட்டால், பழுது பழைய வடத்திலோ அது செருகப்பட்ட இடத்திலோ உள்ளது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றினால்தான் காரணம் தெளிவாகும்.

பழைய கணினிகளில் 40 ஊசிகள் கொண்ட ஒரே பட்டை வடத்தில் இரு கருவிகள் இணைக்கப்பட்டன. அவற்றுள் ஒன்றை முதன்மையாகவும் மற்றொன்றைத் துணையாகவும் அமைத்தல் வேண்டும். இரண்டும் முதன்மையாக அமைந்தால் இரண்டுமே புலப்படாமல் போகக்கூடும்.

காக்க வேண்டியது தரவு

பயாஸ் அறிந்த இரண்டாம் வன்தட்டு விண்டோஸில் தோன்றாவிட்டால், வட்டு மேலாண்மைப் பகுதியைத் திறக்க வேண்டும். எழுத்துக் குறியீடு மட்டும் விடுபட்டிருந்தால், அதனை வழங்கியதும் கோப்புகள் தோன்றும். ஆனால், வன்தட்டைப் புதிதாக வடிவமைக்கவா எனக் கணினி கேட்டால் இசைவு தரக் கூடாது. உள்ளிருக்கும் கோப்புகளை இழக்க நேரிடும். வன்தட்டிலிருந்து ‘டிக் டிக்’ என்னும் ஒலி தொடர்ந்து எழுந்தால், உடனே கணினியை நிறுத்தித் தரவு மீட்பு வல்லுநரை நாட வேண்டும். மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது பழுதை மிகுவிக்கும்.

எந்த வன்தட்டும் ஒருநாள் பழுதுறும். ஆதலால், இன்றியமையாத கோப்புகளுக்கு வேறொரு வட்டில் படி எடுத்து வைத்தலைக் கணினியைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் வழக்கமாகக் கொள்ளல் வேண்டும்.