பக்கத்து ரவுட்டர் சொன்னால் போதுமா?

மலேசியாவின் கேமரன் மலைக்கு ஏற இன்று பல பாதைகள். சிம்பாங் பூலாயிலிருந்து வருவது புதியது; தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாக வளைந்து வளைந்து ஏறுவது பழையது. 1929-இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்துக்கு வெகுகாலம் தாப்பா பாதைதான் கதி. மழையில் மண் சரிந்தால், மேலே இருப்பவர் இறங்கிப்போய்ப் பார்க்கமாட்டார். எதிரே வந்த லாரிக்காரரைக் கேட்பார்.

பழைய ரவுட்டர்களும் இப்படித்தான் கேட்டு நடந்தன.

1988 ஜூனில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹெட்ரிக் எழுதிவைத்த 'ரிப்' நெறிமுறையில், ஒவ்வொரு ரவுட்டரும் 30 விநாடிக்கு ஒருமுறை தன் பட்டியலை அண்டை ரவுட்டர்களிடம் ஒப்பிக்கும். "இன்ன ஊர், இத்தனை தாவல்." அவ்வளவுதான்; ஒரு ரவுட்டரிலிருந்து அடுத்ததற்குப் போவது ஒரு தாவல். கம்பி வேகமானதா, மந்தமானதா என்ற பேச்சே கிடையாது.

தாப்பா பாதையில் அடுத்தடுத்து வரும் ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் மூன்றிலும் ஒவ்வொரு ரவுட்டர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தாப்பாவுக்கு ரிங்லெட்டின் கணக்கு 1, தானா ராத்தாவின் கணக்கு 2, பிரிஞ்சாங்கின் கணக்கு 3. தாப்பா கம்பி அறுந்துவிடுகிறது. ரிங்லெட் அதைச் சொல்வதற்குள் தானா ராத்தாவின் பழைய பட்டியல் வந்து சேர்கிறது: "தாப்பாவுக்கு என்னிடம் வழி உண்டு, 2 தாவல்." அந்த வழியே தன் வழியாகத்தான் போகிறது என்று ரிங்லெட்டுக்குத் தெரியாது. நம்பி 3 என்று எழுதிக்கொள்கிறது. அதைக் கேட்டு தானா ராத்தா 4 என்கிறது. ரிங்லெட் 5 என்கிறது. இல்லாத பாதைக்கு எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய், 16-ஐத் தொட்டதும்தான் 'வழியில்லை' என்று இரண்டும் ஒப்புக்கொள்ளும். அதுவரை தரவுப் பொட்டலங்கள் இரண்டுக்கும் நடுவே பந்தாடப்படும்.

யாரிடம் கேட்டோமோ அவரிடமே அதைத் திருப்பிச் சொல்லாதே என்ற விதி இதைப் பெருமளவு தடுத்தது. ஓ.எஸ்.பி.எஃப். என்ற நெறிமுறை இன்னும் நல்ல தீர்வு: அதில் ரவுட்டர்கள் வதந்தியைக் கடத்துவதில்லை, தத்தம் இணைப்புகளை மட்டும் அறிவிக்கின்றன. வரைபடத்தை ஒவ்வொன்றும் தானே போட்டுக்கொள்ளும்.

நிறுவனங்களுக்கு இடையே ஓடும் பி.ஜி.பி. நெறிமுறையில் அந்தப் பழைய நம்பிக்கை இன்னும் மிச்சமிருக்கிறது. அதன் விலையை உலகம் மலேசியாவிலிருந்தே கண்டது. 2015 ஜூன் 12, மாலை 4.43. டெலிகாம் மலேசியாவில் செய்த ஒரு மாற்றத்தில் தவறு நேர்ந்து, சுமார் 1,79,000 வழிகள், அதை வாடிக்கையாளராகக் கொண்ட லெவல் 3 இணைய நிறுவனத்துக்கு அறிவிக்கப்பட்டன. வாடிக்கையாளர் காட்டும் வழியில் அனுப்பினால் வருமானம். அதனால் அதற்கே முன்னுரிமை தருவது இத்துறை வழக்கம். லெவல் 3 அப்படியே ஏற்றது. எங்கெங்கோ போகவேண்டிய போக்குவரத்து மலேசியாவுக்குள் திரும்பி நெரிந்தது. பல நாடுகளில் இணையம் சுமார் இரண்டு மணி நேரம் தள்ளாடியது.

இதில் தவறாகச் சொன்னவரைவிட, சரிபார்க்காமல் ஏற்றவரின் பொறுப்பே பெரிது. ஒரு வாடிக்கையாளரிடமிருந்து இத்தனை வழிகளுக்குமேல் வந்தால் இணைப்பைத் துண்டி என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நெட்வொர்க் வேலையிலிருக்கும் வாசகர்களே, உங்கள் ரவுட்டரில் அந்த உச்சவரம்பு இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

(தொடரும்)