சுகாதாரப் பணியாளர்களுக்கான பணியிட வழிகாட்டல்

பணியிட வழிகாட்டல் என்பது அனுபவம் மிக்க செவிலியர் அல்லது மருத்துவர் ஒருவர் சுகாதார நிலையங்களுக்கு நேரில் சென்று, அங்குள்ள பணியாளர்களுடன் சேர்ந்து நோயாளிகளைக் கவனித்து, அவர்களின் திறனை வளர்க்கும் முறையாகும். குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் சிகிச்சையின் தரத்தை உயர்த்த இம்முறை பயன்படுத்தப்படுகிறது. எச்.ஐ.வி. சிகிச்சையைச் சிறிய மருத்துவ நிலையங்களுக்கு விரிவுபடுத்துவதற்காக, உலக சுகாதார அமைப்பு 2006ஆம் ஆண்டில் இதற்கான பரிந்துரைகளை வெளியிட்டது. பின்னர் மகப்பேறு, குழந்தை நலம் போன்ற துறைகளிலும் இம்முறை பரவியது.

பின்னணி

மருத்துவமனை அருகில் இருந்தாலே உயிர் காக்கப்படும் என்று சொல்ல இயலாது. லான்செட் குளோபல் ஹெல்த் இதழின் ஆணைக்குழு 2018இல் வெளியிட்ட மதிப்பீடுகள் இதைக் காட்டுகின்றன. இந்நாடுகளில் சிகிச்சையால் தவிர்த்திருக்கக்கூடிய இறப்புகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 86 இலட்சம். அவற்றுள் சுமார் 36 இலட்சம் இறப்புகளுக்கு மருத்துவ சேவையைப் பயன்படுத்தாமையே காரணம். சுமார் 50 இலட்சம் பேர் சேவையை நாடி வந்தும் அதன் தரக்குறைவால் இறந்தவர்கள்.

இக்குறையைப் போக்க நகரங்களில் சில நாள் பயிற்சி வகுப்புகள் நடத்துவதே நெடுங்கால வழக்கம். ஆனால் வகுப்பில் கற்றவை அனைத்தும் வேலையில் கடைப்பிடிக்கப்படுவதில்லை. காத்திருக்கும் கூட்டம், கருவிகள் இல்லாமை, ஐயம் எழுந்தால் கேட்க ஆள் இல்லாமை ஆகியவை இதற்குக் காரணங்கள். அறிதலுக்கும் செய்தலுக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியைக் குறைப்பதே வழிகாட்டலின் நோக்கம்.

மேற்பார்வையிலிருந்து வேறுபாடு

வழக்கமான மேற்பார்வையில் அதிகாரி பதிவேடுகளையும் மருந்து இருப்பையும் சரிபார்த்துச் செல்வார். நோயாளி கவனிக்கப்படும் விதத்தை அவர் பார்ப்பது அரிது. வழிகாட்டியோ பணியாளரின் அருகில் அமர்ந்து அதைக் கவனிக்கிறார். விடுபட்டதை நோயாளியின் முன் சுட்டிக்காட்டிக் கண்டிக்காமல், பின்னர் தனியாகப் பேசுகிறார். தேவைப்பட்டால் தானே செய்து காட்டுகிறார். அடுத்த வருகையில் அதே செயலை மீண்டும் கவனிக்கிறார். தண்டனை குறித்த அச்சம் இருந்தால் பணியாளர் தம் ஐயங்களை மறைப்பார் என்பதால், நம்பிக்கையே இம்முறையின் அடிப்படையாகக் கருதப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, இருமலுடன் வரும் குழந்தைக்கு நிமோனியா இருக்கிறதா என்று அறிய, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். 2 முதல் 12 மாதம் வரையுள்ள குழந்தைக்கு நிமிடத்திற்கு 50 அல்லது அதற்கு மேலும், 1 முதல் 5 வயதுக் குழந்தைக்கு 40 அல்லது அதற்கு மேலும் இருந்தால் அது வேக மூச்சாகும். இந்த எண்கள் பணியாளருக்குத் தெரிந்திருக்கலாம். கூட்டத்தின் நடுவே அவர் உண்மையில் எண்ணுகிறாரா என்பதை அருகில் இருப்பவர் மட்டுமே அறிய முடியும்.

ருவாண்டா

ருவாண்டாவின் கிராமப்புற சுகாதார நிலையங்களில் பெரும்பாலும் செவிலியர்களே நோயாளிகளைப் பார்க்கின்றனர். அந்நாட்டுச் சுகாதார அமைச்சும் பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் அமைப்பும் இணைந்து 2010இல் கிழக்குப் பகுதியில் ஒரு வழிகாட்டல் திட்டத்தைத் தொடங்கின. பயிற்சி பெற்ற செவிலியர்கள் குறிப்பிட்ட இடைவெளியில் ஒவ்வொரு நிலையத்திற்கும் சென்று வழிகாட்டினர். பணியாளரின் திறனோடு, அவருடைய வேலைக்குத் தடையாக இருந்த மருந்துத் தட்டுப்பாடு, கருவிக் குறைபாடு போன்றவற்றையும் கண்டறிந்து சரிசெய்ய உதவினர். நோயுற்ற குழந்தைகளைப் பரிசோதிப்பதிலும் நோயைச் சரியாக வகைப்படுத்துவதிலும் முன்னேற்றம் காணப்பட்டது.

உத்தரப் பிரதேசம்

வழிகாட்டலின் பயனையும் எல்லையையும் ஒருசேரக் காட்டியது, இந்தியாவின் உத்தரப் பிரதேசத்தில் நடந்த பெட்டர்பர்த் ஆய்வாகும். இதன் முடிவுகள் 2017இல் வெளியாயின. 120 சுகாதார நிலையங்கள் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டன. ஒரு பிரிவில், உலக சுகாதார அமைப்பின் பாதுகாப்பான பிரசவச் சரிபார்ப்புப் பட்டியலைப் பயன்படுத்துமாறு பிரசவம் பார்ப்போருக்கு 8 மாதங்கள் நேரடி வழிகாட்டல் அளிக்கப்பட்டது. வருகைகள் தொடக்கத்தில் அடிக்கடி அமைந்து, படிப்படியாகக் குறைக்கப்பட்டன.

வழிகாட்டல் தொடங்கிய இரண்டாம் மாதத்தில், இன்றியமையாத 18 செயல்களில் சராசரியாக 73 விழுக்காடு அங்குச் செய்யப்பட்டன; மற்ற பிரிவில் இது 42 விழுக்காடு. வழிகாட்டல் முடிந்த பின், பன்னிரண்டாம் மாதத்தில், இது 62 விழுக்காடாகக் குறைந்தது. மற்ற பிரிவில் 44 விழுக்காடாக இருந்தது.

எனினும், 1,57,000க்கும் மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்தபோது, பிறப்பையொட்டிய சிசு இறப்பு, தாய் இறப்பு, தாய்க்கு ஏற்படும் கடும் சிக்கல்கள் ஆகியவற்றின் மொத்த விகிதம் முறையே 15.1, 15.3 விழுக்காடாக இருந்தது. இரு பிரிவுகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

வரம்புகள்

பணியாளரின் செயல் திருந்துவது தேவையானது. ஆனால் அது மட்டுமே போதுமானதன்று. மிகையான இரத்தப்போக்கைச் செவிலியர் உரிய நேரத்தில் கண்டறிந்தாலும், இரத்தமும் ஆம்புலன்சும் அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனையும் எட்டும் தொலைவில் இல்லையெனில் தாயைக் காப்பது கடினம். வருகைகள் நின்றபின் பழைய பழக்கங்கள் ஓரளவு திரும்புகின்றன. பயிற்சி பெற்றவர் இடமாற்றம் பெறும்போது அவருடைய திறனும் அந்நிலையத்தை விட்டுச் செல்கிறது.

எனவே வழிகாட்டலைக் குறுகிய காலத் திட்டமாக நடத்தாமல், மாவட்ட சுகாதாரப் பணியின் நிலையான பகுதியாக்குவதும், மருந்து வழங்கல், மேல்சிகிச்சைக்கு அனுப்பும் வசதி ஆகியவற்றுடன் இணைப்பதும் அவசியமாகின்றன.