பவளமல்லி வளர்ப்போம்

இறைவனுக்குச் சாத்தும் மலரைச் செடியிலிருந்தே கொய்தல் வேண்டும். தரையில் வீழ்ந்த மலர் ஆகாது என்பது வழிபாட்டு மரபு. இதற்கு விலக்காக அமைந்தது பவளமல்லி. பாரிசாதம் என்றும் வழங்கும் இச்சிறுமரம், அந்தியில் அரும்பவிழ்ந்து விடியலில் தன் மலர்களைத் தானே உதிர்த்துவிடும். வெண்ணிற இதழும் பவளநிறக் காம்பும் கொண்ட இது, சீர்காழி, திருக்களர் முதலிய திருத்தலங்களில் தலமரமாகத் திகழ்கிறது.

உதிர்ந்த மலரை ஏற்கும் மரபு, தூய்மையற்ற தரையை ஏற்பதில்லை. ஆகவே, நடும் இடத்தைத் தேர்வதிலேயே கருத்தூன்ற வேண்டும். நடைபாதை, கழிவுநீர் செல்லும் வழி ஆகியவற்றை விலக்கி, காலடி படாத, வெயில் படும் மேட்டிடத்தைத் தெரிவு செய்க. 2 அடி ஆழக் குழி எடுத்துச் செம்மண், மணல், மக்கிய தொழுவுரம் கலந்து நிரப்புக. முற்றிய விதையிலிருந்தோ, மழைக்காலத்தில் ஊன்றிய குச்சியிலிருந்தோ எழுந்த கன்றை அதில் நடலாம். வேரடியில் நீர் தேங்கினால் மரம் பட்டுப்போகும். புதுத் தளிர்களின் நுனியிலேயே பூக்குமாதலால், பூக்காலம் முடிந்தபின் கிளைகளைக் கவாத்து செய்க.

பூக்கும் நாள்களில் மாலையிலேயே மரத்தடியைக் கூட்டி, தூய துணியை விரித்து வைக்க வேண்டும். வெயில் ஏறினால் மலர் வாடிவிடும். எனவே வைகறையில் நீராடி, துணியில் உதிர்ந்தவற்றை மட்டும் எடுத்து இறைவனுக்குச் சாத்துவோம், திருவருள் பெறுவோம்.