மாசுற்ற நிலமும் மறுபயனும்

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் உள்ளது வீரபாண்டி. பனியன் தொழிற்கூடங்கள், சாயப்பட்டறைகள், பொதுச் சுத்திகரிப்பு நிலையம், குடியிருப்புகள் எல்லாம் இங்கு அருகருகே அமைந்துள்ளன. இத்தகைய ஊரில் ஒரு சாயப்பட்டறை மூடப்பட்டால் அந்த இடம் நெடுநாள் வெறுமையாகக் கிடக்காது. அது கிடங்காகலாம், வீட்டுமனையாகலாம், பள்ளி விளையாட்டுத் திடலாகவும் ஆகலாம். அப்படியானால் அம்மண்ணை எவ்வளவு தூய்மை செய்தால் போதும்? மண்ணை மட்டும் சோதித்து இதற்கு விடை கூற இயலாது. நாளை அங்கு யார் வாழப் போகிறார்கள், என்ன விளையப் போகிறது என்பதும் தெரிய வேண்டும்.

தீங்கு நேரும் வழி

மாசினால் தீங்கு நேர மூன்று வேண்டும்: நச்சுப் பொருள், அது பரவும் வழி, அதனால் பாதிக்கப்படும் உயிர். இவற்றுள் ஒன்று நீங்கினாலும் தீங்கு நேராது. எடுத்துக்காட்டாக, மண்ணில் காரீயம் கலந்துள்ளது எனக் கொள்வோம். அதன்மேல் கனத்த காங்கிரீட் தளம் அமைத்துக் கிடங்கு கட்டினால் தொழிலாளியின் உடலுக்குள் அது செல்லும் வாய்ப்பு குறைவு. அதே இடம் விளையாட்டுத் திடலானால் மண்ணில் புரளும் குழந்தையின் கைவழியே காரீயம் வாய்க்குள் போகும். மண்ணில் உள்ள அளவு ஒன்றே. ஆனால் ஆபத்து வேறு.

எனில், குடியிருப்புக்கு ஏற்றவாறு தூய்மை செய்த நிலம் எல்லாவற்றுக்கும் ஏற்றதாகிவிடுமா? ஆகாது என்பதைத் திருப்பூரின் உப்பே காட்டும்.

உப்பின் கதை

பருத்தி இழை நீரில் நனையும்போது எதிர்மின்னேற்றம் பெறுகிறது. சாயமும் எதிர்மின்னேற்றம் உடையது. ஆகவே இரண்டும் விலகி நிற்க முயல்கின்றன. இவ்விலக்கத்தைக் குறைத்துச் சாயத்தை இழையில் ஏற்றுவதற்காகச் சோடியம் குளோரைடு அல்லது சோடியம் சல்பேட்டு சேர்க்கப்படுகிறது. நிறத்தின் அழுத்தத்துக்கேற்ப ஒரு லிட்டர் சாயநீரில் 40 முதல் 80 கிராம் வரை உப்பு சேர்ப்பது வழக்கம். அது துணியில் தங்குவதில்லை; ஏறத்தாழ முழுவதும் கழிவுநீரில் வெளியேறுகிறது. சாயத்தின் நிறத்தை நீக்கலாம். நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைச் சிதைக்கும். உப்போ சிதைவதே இல்லை.

இவ்வுப்பு கிடங்கின் தரைக்கு அடியில் இருந்தால் அங்கு வேலை செய்வோருக்கு நேரடித் தீங்கு இல்லை. வீடு கட்டினால் அடித்தளக் கம்பி துருப்பிடிக்கும். கிணற்று நீர் குடிக்க உதவாது. பயிர் செய்ய முயன்றாலோ நிலமே கைவிடும். சோடியம் களிமண் துகள்களைப் பிரித்து நுண்துளைகளை அடைத்துவிடும். நீர் உள்ளே இறங்காது. காய்ந்தால் மண் கல்லாகும். இதனைத்தான் நம் உழவர்கள் களர்நிலம் என்கின்றனர்.

களரைத் திருத்த வழி உண்டு. ஜிப்சம் இட்டால் அதிலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்றும். பின்னர் நல்ல நீரால் கழுவ வேண்டும். ஓர் அடி ஆழ மண்ணில் உள்ள உப்பில் ஐந்தில் நான்கு பங்கை நீக்க ஏறத்தாழ ஓர் அடி உயர நீர் தேவை. மழை குறைந்த கொங்கு நாட்டில் இது சிறு அளவன்று. மேலும், கழுவிய நீருக்கு வடிகால் இல்லையேல் உப்பு அண்டைக் கிணற்றுக்கே செல்லும். எந்தப் பயிர் என்பதும் முக்கியம். மண் சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1 டெசிசீமனைத் தாண்டினாலே பீன்ஸ் விளைச்சல் குறையத் தொடங்கும், பருத்தி 7.7 வரை தாங்கும்.

ஒரத்துப்பாளையம் தரும் பாடம்

பாசனத்துக்கென நொய்யல் ஆற்றின் குறுக்கே ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் மேலிருந்து வந்த சாயக்கழிவு அங்கே தேங்கியது. நீரைப் பெற வேண்டிய உழவர்களே அது வேண்டாம் என்றனர். பல ஆண்டுகள் அணையில் நீர் தேக்கப்படவில்லை. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீர் சிறிதும் வெளியேறாத முறையை ஏற்றவை பின்னர்ப் படிப்படியாக இயங்கின. எனினும் முன்னரே மண்ணில் படிந்த உப்பு ஆணையால் அகலாது. அதற்குத் தனித் திட்டம் வேண்டும்.

அளவுகோல் எது?

கொடைக்கானலில் 2001-ல் மூடப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலையின் மண்ணில் பாதரசம் கலந்திருந்தது. ஒரு கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் என்னும் இலக்கு, குடியிருப்புப் பயனைக் கருதி வகுக்கப்பட்டது. ஆனால் அவ்விடம் பாம்பாறுச் சோலைக்கு மேலுள்ள சரிவு. வீட்டை மட்டுமின்றிக் கீழுள்ள காட்டையும் ஓடையையும் கருதி இலக்கை இன்னும் குறைக்க வேண்டும் என்று சூழல் ஆர்வலர்கள் வாதிட்டனர். ஒரு நிலத்தின் பயன் அதன் வேலியோடு முடிவதில்லை என்பதே அவ்வாதத்தின் சாரம்.

எதிர்காலப் பயனை எண்ணாததன் விளைவை அமெரிக்காவின் நயாகரா நகரில் காணலாம். அங்கு லவ் கால்வாயில் 1942 முதல் 1953 வரை சுமார் 21,000 டன் வேதிக்கழிவு புதைக்கப்பட்டது. பின்னர் அந்நிலம் ஒரு டாலருக்குப் பள்ளி நிர்வாகத்திடம் தரப்பட்டது. பத்திரத்தில் கழிவு பற்றிய எச்சரிக்கை இருந்தது. ஆயினும் பள்ளி எழுந்தது. சுற்றிலும் வீடுகள் எழுந்தன. மூடியிருந்த களிமண் அடுக்கு தோண்டப்பட்டது. 1978-ல் அவசர நிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற நேர்ந்தது.

நம் நாட்டில் மாசுற்ற இடங்களுக்கான விதிகள் 2025-ல் வெளியாயின. வேளாண்மை, குடியிருப்பு, வணிகம், தொழில் எனப் பயனுக்கேற்ப மாசின் வரம்புகளை அவை வேறுபடுத்துகின்றன. இது நல்ல தொடக்கம். ஆனால் கிடங்குக்கெனத் தூய்மை செய்த மனை சில ஆண்டுகளில் கைமாறிக் குடியிருப்பாகலாம். எந்தப் பயனுக்காக, எந்த ஆழம் வரை தூய்மை செய்யப்பட்டது என்பது நில ஆவணத்தில் பதிவாக வேண்டும். பயன் மாறும்போது மண்ணையும் கிணற்று நீரையும் மீண்டும் சோதித்தாக வேண்டும். வீரபாண்டியில் மனை வாங்குபவர் பத்திரத்தோடு இவ்விவரத்தையும் கேட்கும் வழக்கம் வந்தால், அடுத்த தலைமுறைக் குழந்தைகள் அஞ்சாமல் மண்ணில் விளையாடலாம்.