சக்கரக் கணக்கு – 7: பழைய காரை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

பத்து வயதான கார் ஒர்க்‌ஷாப்புக்குள் போனதும் வரும் எஸ்டிமேட்தான் பெரும்பாலான வீடுகளில் புது கார் பேச்சைத் தொடங்கிவைக்கிறது. கிளட்ச், சஸ்பென்ஷன், ஏ.சி. கம்ப்ரஸர் மூன்றும் சேர்ந்து 60,000 ரூபாய் என்று மெக்கானிக் எழுதித் தந்தால், “இரண்டரை லட்சம் பெறுகிற வண்டிக்கு அறுபதாயிரம் செலவா?” என்ற கேள்வி உடனே எழுகிறது. ரிப்பேர் செலவு வண்டியின் விலையில் பாதியைத் தொட்டால் விற்றுவிட வேண்டும் என்று ஒரு வாய்மொழி விதியும் உண்டு.

அந்த விதியின் ஒப்பீடு பிழையானது. வண்டியை விற்றால் என்ன கிடைக்கும் என்பது ஒரு கணக்கு. அது தரும் பயணத்தை வேறு வழியில் பெற எவ்வளவு ஆகும் என்பது வேறு கணக்கு. ரிப்பேர் பில்லைப் புது காரின் ஓராண்டுச் செலவோடு வைத்துப் பார்க்க வேண்டும். அந்தச் செலவில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரியாது. ரிப்பேருக்கு பில் வருகிறது. தேய்மானத்துக்கு யாரும் பில் தருவதில்லை.

தேய்மானம் எனும் பெரிய செலவு

காரின் மதிப்பு எப்படி இறங்குகிறது என்பதற்குக் காப்பீட்டுத் துறையின் ஐ.டி.வி. (காப்பீட்டுக்கு அறிவிக்கப்படும் மதிப்பு) அட்டவணை நல்ல அளவுகோல். வாங்கி ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஓராண்டுக்குள் 15, இரண்டாண்டுக்குள் 20, மூன்றாண்டுக்குள் 30, நான்காண்டுக்குள் 40, ஐந்தாண்டுக்குள் 50 சதவீதம் கழிக்கப்படும். அதன் பிறகு காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி மதிப்பை முடிவுசெய்கிறார்கள். சந்தை விலை இதற்குச் சற்று மேலேயோ கீழேயோ இருக்கலாம். இறங்கும் போக்கு இதுதான். முதல் ஐந்து ஆண்டுகளில் பாதி கரைகிறது. பத்து வயதான கார் விழ வேண்டிய உயரத்திலிருந்து ஏற்கெனவே விழுந்துவிட்டது. இனி ஆண்டுதோறும் அது இழப்பது சிறு தொகைதான்.

இந்தக் கழிவு ஷோரூம் விலை மீது மட்டும். வாங்கும்போது கட்டும் வாழ்நாள் வரி தனி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்தப்பட்ட விகிதப்படி, 5 லட்சம் ரூபாய் வரையிலான காருக்கு 12 சதவீதம், 10 லட்சம் வரை 13, 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம் வரி. விற்கும்போது இந்தப் பணத்தை யாரும் தனியாகத் திருப்பித் தருவதில்லை.

ஒரு மாதிரிக் கணக்கு

ஷோரூம் விலை 8 லட்சம் ரூபாய் உள்ள சிறிய கார் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வாழ்நாள் வரி 1,04,000. காப்பீடும் மற்றவையும் 46,000. ஆக, சாலைக்கு வர 9.5 லட்சம். பழைய காரை 2.5 லட்சத்துக்கு விற்று, மீதி 7 லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக் கடனாக வாங்கினால், மாதத் தவணை ஏறத்தாழ 14,530 ரூபாய். ஐந்தாண்டு முடிவில் வட்டி மட்டும் சுமார் 1,72,000. அப்போது காரின் மதிப்பு 4 லட்சம் என்று வைத்துக்கொண்டால், கரைந்தது 5.5 லட்சம். வட்டியையும் சேர்த்து 7.22 லட்சம், ஆண்டுக்கு 1,44,000. இதோடு சர்வீஸுக்கு 8,000, பழைய காரைவிடக் கூடுதலாகக் கட்டும் காப்பீட்டுப் பிரீமியம் 10,000 சேர்ந்தால் ஆண்டுச் செலவு சுமார் 1,62,000 ரூபாய்.

பழைய காரை வைத்துக்கொண்டால்? ஐந்தாண்டில் அதன் மதிப்பு 2.5 லட்சத்திலிருந்து 1 லட்சமாக இறங்கட்டும். ஆண்டுக்கு 30,000. சர்வீஸ், ரிப்பேர் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 40,000. புது கார் லிட்டருக்கு 19 கிலோமீட்டர், பழையது 14 கிலோமீட்டர் என்றால், ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டத்தில் பழைய கார் 188 லிட்டர் கூடுதலாகக் குடிக்கும். லிட்டர் 100 ரூபாய் வீதம் 18,800. மொத்தம் சுமார் 89,000 ரூபாய்.

வித்தியாசம் ஆண்டுக்கு 73,000 ரூபாய். மாதத்துக்கு ஏறக்குறைய 6,000. அதாவது, பழைய காரின் பராமரிப்பு ஆண்டுக்கு 40,000 ரூபாயிலிருந்து 1,13,000 ரூபாயாக உயர்ந்தால்தான் இரண்டும் சமமாகும். அதுவும் ஓராண்டு அப்படி ஆனால் போதாது; ஆண்டு தவறாமல் ஆக வேண்டும். ஒருமுறை வந்த 60,000 ரூபாய் எஸ்டிமேட்டால் இந்தத் தராசு சாய்வதில்லை.

எண்களை மாற்றிப் போட்டால் விடையும் மாறும். ஆண்டுக்கு 25,000 கிலோமீட்டர் ஓடுபவருக்கு எரிபொருள் வித்தியாசம் மட்டுமே 47,000 ரூபாய். அங்கே இடைவெளி பெரிதும் குறைகிறது. மாதம் இரண்டு முறை கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் வெளியே வரும் காருக்கு மைலேஜைக் காரணம் காட்டி மாற்றுவதில் பொருள் இல்லை.

தேய்வதும் நோய்ப்படுவதும்

எஸ்டிமேட்டில் உள்ள எல்லா வரிகளும் முதுமையின் அடையாளம் அல்ல. டயர், பேட்டரி, பிரேக் பேட், கிளட்ச் பிளேட், டைமிங் பெல்ட், சஸ்பென்ஷன் புஷ் எல்லாம் தேய்ந்து மாற்றப்படுவதற்காகவே உள்ளவை. புது காரிலும் சில ஆண்டுகளில் அதே செலவு வரும். இவற்றை மாற்றியதும் வண்டி பழைய ஓட்டத்துக்குத் திரும்பிவிடும்.

கவலைப்பட வேண்டிய நோய்கள் வேறு. சைலன்சரில் நீலப் புகை தொடர்ந்து வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று பொருள். எஞ்சின் சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை வந்தால் கூலன்ட் எரியறைக்குள் கசிகிறது. இரண்டு சர்வீஸுக்கு நடுவே ஆயில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டிய நிலை, கியர் தானாக நழுவுவது, வயரிங்கில் இடம் மாறி மாறி வரும் கோளாறு ஆகியவை ஒரு ரிப்பேரோடு முடிவதில்லை.

இவற்றைவிடக் கொடியது துரு. கடலோர ஊர்களில் உப்புக்காற்று இதை விரைவுபடுத்தும். கதவின் ஓரத்திலோ பானட்டிலோ உள்ள துரு டிங்கரிங்கிலும் பெயின்டிலும் தீரும். தரைத்தகடு, கதவுக்குக் கீழே ஓடும் விட்டம், சஸ்பென்ஷன் பொருந்தும் இடம் ஆகியவற்றைத் துரு தின்றிருந்தால், மோதலின்போது காரில் இருப்பவர்களைக் காக்க வேண்டிய கூடே பலவீனமாகிவிட்டது. அதற்கு மேல் செலவு செய்வது வீண்.

வெள்ளத்தில் மூழ்கிய கார் தனி வகை. 2015 டிசம்பர் வெள்ளம் சென்னை கார் உரிமையாளர்களுக்குக் கற்றுத்தந்த பாடம் இது. தண்ணீர் புகுந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்தால், அழுத்த முடியாத நீரை எதிர்த்து பிஸ்டன் நகர முயன்று கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எஞ்சினைச் சரிசெய்தாலும் வயரிங் இணைப்புகளில் தங்கிய ஈரம் மாதங்கள் கழித்து வேலையைக் காட்டும். பழுதுநீக்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால், விரிவான காப்பீடு உள்ள வண்டியை முழு இழப்பாகக் கருதி இழப்பீடு தருவது காப்பீட்டு விதி. இந்த நிலையில் பணத்தைப் பெற்றுக்கொண்டு ஒதுங்குவதே நல்லது.

பாகம் கிடைக்கிற வரை

ஒரு காரின் ஆயுளை அதன் எஞ்சினோடு உதிரி பாகச் சந்தையும் தீர்மானிக்கிறது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017இல் இந்தியாவில் கார் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு தன் வெளியேற்றத்தை 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறைமலைநகர் ஆலையில் உற்பத்தி 2022இல் நின்றது. விற்பனை நின்ற பிறகும் பாகங்களும் சர்வீஸும் தொடரும் என்று இத்தகைய நிறுவனங்கள் உறுதி தருவதுண்டு. ஃபில்டர், பிரேக் பேட் போன்றவற்றைப் பிற நிறுவனங்களும் தயாரிப்பதால் சிக்கல் இல்லை. ஹெட்லைட், பம்பர், எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டி போன்றவைதான் ஆண்டுகள் போகப் போக அரிதாகும். சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகள் பல வண்டிகளின் ஆயுளை நீட்டுகின்றன. ஒரு பாகத்துக்காக வண்டி வாரக்கணக்கில் நிற்கத் தொடங்கினால் அதை மாற்றும் காலம் நெருங்கிவிட்டது.

பதினைந்து ஆண்டு விதி

பதினைந்து ஆண்டு ஆனால் கார் ஓட்டக் கூடாது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக் காரின் பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு எஃப்.சி. எனும் தகுதிச் சான்று பெற்று, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். டீசல் காருக்கு 10, பெட்ரோல் காருக்கு 15 ஆண்டு என்ற தடை தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், உச்ச நீதிமன்றம் ஆகியவற்றின் உத்தரவுகளால் டெல்லி தலைநகர் வட்டாரத்துக்கு வந்தது; தமிழ்நாட்டுக்கு அது பொருந்தாது.

ஆனால் புதுப்பிப்பது மலிவல்ல. 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் முதல் காருக்கு 5,000 ரூபாயானது. 20 ஆண்டுகளைக் கடந்த காருக்கு அது 10,000 ரூபாய் என்று 2025 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. எஃப்.சி.க்கு முன் செய்ய வேண்டிய டிங்கரிங், பெயின்ட், டயர் செலவுதான் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. ஆகவே 14ஆவது ஆண்டே முடிவெடுக்க ஏற்ற காலம்.

எஃப்.சி. தேறாத காரைப் பதிவுபெற்ற உடைப்பு மையத்தில் ஒப்படைத்தால் ஒப்படைப்புச் சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டிப் புது கார் வாங்கும்போது சாலை வரியில் 25 சதவீதம் வரை மாநிலங்கள் சலுகை தரலாம் என்பது 2021இல் அறிவிக்கப்பட்ட மத்திய அரசின் கொள்கை.

எரிபொருளும் ஒரு காரணியாகிவிட்டது. பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் பெட்ரோலைவிட ஆற்றல் குறைவு என்பதால் மைலேஜ் சற்று இறங்கும். இந்தக் கலவைக்கென வடிவமைக்கப்படாத பழைய கார்களில் ரப்பர் குழாய்களையும் சீல்களையும் ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பணத்தால் அளக்க முடியாதது

மேலே சொன்ன கணக்கு முழுவதையும் ரத்துசெய்யும் ஒரே காரணம் பாதுகாப்பு. பிரேக் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புது கார்களுக்கும் கட்டாயம். ஓட்டுநருக்கான ஏர்பேக் 2019 ஜூலை முதலும், முன்வரிசையில் அருகே அமர்பவருக்கான ஏர்பேக் 2022 முதலும் எல்லாப் புது கார்களிலும் உண்டு. மோதல் சோதனை நடத்தி நட்சத்திர மதிப்பு தரும் பாரத் என்கேப் 2023 அக்டோபரில் தொடங்கியது. பத்து வயதான காரின் அடிநிலை மாடலில் இவை ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். ஊருக்குள் கடைக்கும் பள்ளிக்கும் போகும் காருக்கு இந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம். குடும்பத்தோடு மாதந்தோறும் நான்குவழிச் சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் காருக்கு இது தள்ளிப்போடக் கூடிய குறை அல்ல.

மாற்றுவது என்று முடிவானால்

ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் செய்வது எளிது, விலை குறைவு. நேரடியாக விற்றால் விலை கூடும், அலைச்சலும் கூடும். எக்ஸ்சேஞ்ச் போனஸ் என்று தருவதைப் பழைய காரின் விலையைக் குறைத்துச் சமன்செய்யும் வழக்கம் உண்டு. எனவே பழைய காருக்கு எவ்வளவு, புது காருக்குத் தள்ளுபடி எவ்வளவு என்று தனித்தனியாக எழுதி வாங்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களின் ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்ததையும் மறக்கக் கூடாது. புது கார் விலை இறங்கினால் பழைய காரின் விலையும் கூடவே இறங்கும்.

கிளைம் செய்யாதவருக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளைம் போனஸ் காருக்கு உரியதல்ல, உரிமையாளருக்கு உரியது. ஐந்தாண்டு கிளைம் இல்லாதவருக்கு அது 50 சதவீதம். காரை விற்றதும் காப்பீட்டு நிறுவனத்திடம் கடிதம் பெற்றுப் புது காருக்கு மாற்றிக்கொள்ளலாம். விற்றவர் படிவம் 29 வழியாக ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்து, ஆர்.சி.யில் பெயர் மாறியதை உறுதிசெய்ய வேண்டும். பெயர் மாறாத காரில் நடக்கும் விபத்துக்கு, பதிவேட்டில் உள்ள பழைய உரிமையாளரே பதில் சொல்ல வேண்டிவரும்.

புதிதாக வாங்குவது மட்டுமே மாற்று வழி என்றும் இல்லை. மூன்று அல்லது நான்கு வயதான கார், 30 முதல் 40 சதவீதத் தேய்மானத்தை முதல் உரிமையாளர் தலையில் கட்டிவிட்டு வருகிறது. 2022க்குப் பிந்தைய தயாரிப்பாக இருந்தால் ஏ.பி.எஸ்., இரண்டு ஏர்பேக் ஆகியவையும் அதில் இருக்கும். சர்வீஸ் பதிவேடும் காப்பீட்டு கிளைம் வரலாறும் சரியாக இருந்தால், பாதுகாப்புக்காக மாற்ற விரும்பும் நடுத்தரக் குடும்பத்துக்கு இதுவே சிக்கனமான வழி.

கூடு உறுதியாக இருந்து, பாகம் கிடைத்து, ஓட்டம் குறைவாகவும் ஊருக்குள்ளாகவும் இருந்தால் பழைய காரை எஸ்டிமேட் தொகைக்குச் சரிசெய்து வைத்துக்கொள்வதே லாபம். அடித்தளத்தில் துரு, வெள்ளத்தில் மூழ்கிய வரலாறு, பாகத் தட்டுப்பாடு, ஏர்பேக் இல்லாத நெடுஞ்சாலைப் பயணம் ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் மாற்றிவிட வேண்டும். புது காரின் மீது ஆசை என்பதும் நேர்மையான காரணம்தான். அதை மைலேஜ் என்றும் ரிப்பேர் செலவு என்றும் பெயர் மாற்றிச் சொல்லும்போதுதான் கணக்கு தப்புகிறது.

(தொடரும்)